நாலு விரல் உயரம்

"இப்ப ஸ்டியரிங்க இடது பக்கம் முழுசா ஒடிங்க. இன்னும். நிக்கிற வரைக்கும் ஒடிங்க."

குரல் வண்டிக்கு அடியிலிருந்து வருகிறது. வெளியே தெரிவதெல்லாம் இரண்டு பாதங்களும் தேய்ந்த ரப்பர் செருப்பும்தான். பிக்கப் வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் தொங்குகின்றன. சட்டத்தை நான்கு இரும்புத் தாங்கிகள் பிடித்திருக்கின்றன. அச்சுக்கு மேலே வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகள் மாற்றியாயிற்று, பெரிய டயர்கள் ஏற்றியாயிற்று, போல்ட்டுகளை முறுக்கி அதற்கு அடையாளமாக மஞ்சள் பெயிண்டில் கோடும் இழுத்தாயிற்று. வேலை முடிந்தது என்றுதான் வண்டிக்காரருக்குத் தோன்றுகிறது. மரியசூசைக்கு முடியவில்லை. சாக்கில் மல்லாந்து கிடந்தபடி, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழாக உருவிக்கொண்டு வருகிறார். கண்களை மூடியிருக்கிறார்.

"ஹோ கயா க்யா, சூசை பாய்?" முடிந்ததா என்று ஸ்டியரிங்கில் இருக்கும் வண்டிக்காரர் கேட்கிறார்.

"ஹோ ரஹா ஹை, ஆகிட்டிருக்கு. இப்ப வலது பக்கம்."

இதையே ஒவ்வொரு சக்கரத்துக்கும் செய்வார். முன்சக்கரங்களுக்கு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லி இரண்டு தடவை. மழைக்கு முந்தைய மாதங்களில் ஷெட் வாசலில் மூன்று வண்டிகள் காத்துக்கிடந்தாலும் இந்தப் பரிசோதனையில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. அவசரப்படுகிறவர்களிடம் ஒரே பதில்தான்: "பள்ளம் நம்மகிட்ட சொல்லிட்டா வருது? அது பாட்டுக்கு வரும். அப்ப இந்த ரப்பரு எட்டணும்லா."

குர்லாவில் தண்டவாளத்துக்கு மேற்கே, பழைய என்ஜின்களையும் கதவுகளையும் குவித்து விற்கிற கடைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஷெட். இரண்டு வண்டி நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில் நிற்க வேண்டியதுதான். பெயர்ப்பலகை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இருப்பது ஒரே வரி: உள்ளே காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மேலே, நீலப் பெயிண்டில், அவர் கையெழுத்திலேயே 'மரியே வாழ்க'. சொந்த ஊர் திசையன்விளை பக்கம். பத்தொன்பது வயதில் வந்தவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. மனைவி சேசம்மாளோடு ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார். பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார்.

வண்டியை உசத்துவதுதான் அவர் தொழில். பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போட வேண்டுமென்றால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடம் வேண்டும். அதற்கு வண்டியின் உடம்பை அச்சிலிருந்து மேலே தூக்கிக் கட்ட வேண்டும். வளைவு கூடிய புதிய கமான், நீளமான யூ போல்ட், நீளமான ஷாக் அப்சார்பர் என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது மாறும். கல்லும் பாறையுமான பாதையில் காய்கறி ஏற்றப் போகிறவர்கள், மலையடிவாரத்தில் கம்பம் நடுகிறவர்கள், மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பால் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அவரிடம் வருகிறார்கள். அழகுக்காக வருகிறவர்களும் உண்டு. யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க ஓடும்?" பதில் பாந்த்ரா கடற்கரைச் சாலை என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆர்.டி.ஓ. அனுமதிக் காகிதம் இல்லாத வண்டியில் ஸ்பானரை வைக்கமாட்டார்.

இஞ்சுக் கணக்கு தெரியாதவர் இல்லை. ஆனாலும் விரலில்தான் சொல்வார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை உள்ளங்கையை மாற்றி மாற்றி வைத்து அளந்துவிட்டு, "நாலு விரல் ஏத்தலாம். அஞ்சாவது விரலு உங்க ஆசை. அதுக்கு நான் ஆளில்ல" என்பார். வண்டி உயர்ந்தால் முகப்பு விளக்கும் உயர்ந்துவிடும். எதிரே உள்ள சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெளிச்சம் அதற்கு மேலே போகாதபடி விளக்கைத் தாழ்த்துவார். "எதுத்தாப்ல வாரவன் என்ன பாவம் பண்ணினான்."

இதில் வேடிக்கை, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எடுத்ததே இல்லை. வேலை முடிந்ததும் சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பின்னால் சுமை ஏற்றும் தட்டில் நின்றுகொள்வார். முன்கம்பியைப் பிடித்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு. தகரத்தின் வழியே கமான் பேசுவது உள்ளங்காலில் கேட்கும் என்பது அவர் கட்சி. குர்லா தெருவில் புத்தம்புதிதாக உசத்திய வண்டி போகிறபோது, மேலே காற்றில் சட்டை படபடக்க ஒரு மனிதர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊர்வலம் போகிறது என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர் காதில் அது விழாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் வேண்டிக்கொள்ளும் பெயர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. சேசம்மாள், மகன் கிறிஸ்டோ, அதற்கடுத்து சலாவுதீன், ஆபிதா, ஃபர்ஸானா. ஒரு வாரமும் இந்த வரிசை மாறியதில்லை.

சலாவுதீன் தாராவியில் இருக்கிறார். கடையநல்லூர்க்காரர். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். பதினொரு வருடங்களுக்கு முன்னால், மரியசூசை வேறொருவரிடம் வேலை பார்த்தது போதும் என்று இந்த ஷெட்டைப் பிடித்த முதல் வருடம், அவர்தான் வந்து கேட்டார். மும்பைக்கு வடக்கே ஜவ்ஹார் மலைப்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாம்பழம் ஏற்றிவரும் வேலை கிடைத்திருந்தது. தோட்டத்துப் பாதையில் வண்டியின் வயிறு தட்டியது. "கொஞ்சம் தூக்கிக் கட்டும்வே, டயரும் பெருசாப் போடுவோம்" என்றார். மரியசூசை நாலு விரல் உசத்தினார். தனி ஷெட்டில், தன் பொறுப்பில், தானே உசத்திய முதல் வண்டி. தெருமுனைவரை போய் நின்று அது திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாயை மட்டும் மாற்றவில்லை. வண்டி தரையில் நின்றபோது பழைய குழாய் எட்டியது. எட்டுகிறதே என்று விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசி. பள்ளி விடுமுறை என்று பதினைந்து வயது மகள் ஃபர்ஸானாவும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பும்போது நிறையச் சுமை. மலைப்பாதை இறக்கத்தில் பின்சக்கரம் ஒரு பள்ளத்துக்குள் இறங்கி எழுந்தது. இறங்கிய அந்த நொடியில் குழாய் இழுபட்டு அறுந்தது. சலாவுதீன் பிரேக்கை மிதித்தார்; கால் தரைவரை போயிற்று. முன்சக்கரங்கள் மட்டும் அரைகுறையாகப் பிடித்தன, பின்னாலிருந்த சுமை தள்ளியது. ஒரு பக்கம் பாதாளம். அவர் கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் தேய்த்தபடியே கொண்டுபோய்ச் சாலையோர வடிகாலில் சாய்த்தார். மகளுக்கு நெற்றியில் ஏழு தையல். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டதும் மரியசூசை மருத்துவமனைக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, வண்டி கிடந்த இடத்துக்குத்தான் போனார். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, பழைய வண்டி, பிரேக் போய்விட்டது என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. மரியசூசை அடியில் படுத்து ஊர்ந்து போனார். அறுந்த குழாயின் இரண்டு முனைகளும் கண்ணெதிரே தொங்கின. வெட்டுப்பட்டதல்ல, மக்கியதல்ல, இழுத்துப் பிய்ந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அப்போது அந்த வண்டிக்கு அடியில்தான் கிடந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், சேசம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.  அவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். காலையில் மரியசூசை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வார்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே போனபோது ஆபிதா கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெற்றிக் கட்டோடு ஃபர்ஸானா.

"பாய், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்."

"பிரேக்கு தானாப் போகல. நான் வண்டிய உசத்தினேன்லா, அப்பவே அந்த ரப்பர்க் குழாயையும் நீளமா மாத்தியிருக்கணும். மாத்தல. சக்கரம் பள்ளத்துல இறங்கினதும் எட்டாம அத்துட்டு. நான் போயி பாத்துட்டுத்தான் வாரேன். தப்பு எம்மேலதான்."

ஆபிதா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "எம்புள்ள அந்த வண்டியில இருந்தா" என்றார். அதற்குப் பிறகு அவர் மரியசூசையைப் பார்த்துப் பேசிய வார்த்தை என்று பதினொரு வருடங்களுக்கு எதுவும் இல்லை.

 சலாவுதீன் கேட்டார்: "வண்டி இப்ப எங்க?"

"அங்கனயேதான் கிடக்கு."

"உம்ம ஷெட்டுக்கு இழுத்துட்டு வாரும். நீரே சரி பண்ணும். நான் எந்திரிச்சு வந்து அதத்தான் ஓட்டணும்."

"பாய், வேற நல்ல ஆளாப் பாத்து..."

"வேற ஆளுக்கு எது தப்புன்னு தெரியுமா? உமக்குத்தானவே தெரியும்."

வண்டி வந்தது. மரியசூசை அதை முழுக்கப் பிரித்து, முழுக்கக் கட்டினார். வேறு வேலையும் இல்லை. சூசை உசத்திய வண்டி மலையில் சாய்ந்தது என்ற பேச்சு குர்லா, சயான், தாராவி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஷெட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடி, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய அந்த ஒரு வண்டியோடு உட்கார்ந்திருந்தார். ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய முதலாளியிடமே போய்விடலாம் என்று சேசம்மாளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அந்த வாரம்தான் மன்சூர் அலி என்று ஒரு காய்கறி வியாபாரி இரண்டு பிக்கப்புகளோடு வந்து இறங்கினார். இரண்டையும் உசத்த வேண்டும் என்றார். மரியசூசை ஒளிக்கவில்லை. "நான் உசத்தின வண்டி ஒண்ணு போன மே மாசம் மலையில..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். சலாவுதீன் காக்காதான் அனுப்பினாரு."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் இன்னொருவர். எல்லோரும் அதே பெயரைச் சொன்னார்கள். சலாவுதீன் அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு தாராவி டீக்கடைகளில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: "சூசைகிட்ட போங்க. தப்பு நடந்தா அந்த ஆளு நமக்கு முந்தி வந்து சொல்லிருவாரு. அப்படி ஒரு மிஸ்திரிய இந்த பம்பாயில காட்டுங்க பாப்போம்." காலை ஒடித்த ஆளுக்கு, கால் ஒடிந்தவர் ஆள் பிடித்துக் கொடுத்தார்.

மரியசூசை இதற்கு நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருமுறை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். சலாவுதீனும், "டீ ஆறுது, குடியும்" என்றுவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு வண்டியையும் அந்தரத்தில் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குழாயை உருவிப் பார்க்கிறாரோ என்னவோ. ரம்ஜானுக்கு ரம்ஜான் தாராவி வீட்டுக்குப் போவார். முன்னறையில் சலாவுதீனோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பிரியாணித் தட்டு ஃபர்ஸானா கையில் வரும். ஆபிதா அடுப்படியைவிட்டு வெளியே வந்ததில்லை. தட்டில் கறித்துண்டுகள் குறைந்ததும் இல்லை. இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல் மரியசூசை குனிந்து சாப்பிட்டுவிட்டு வருவார்.

இந்த மே மாதம் ஃபர்ஸானாவே ஒரு பிக்கப்பை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைத்தாள்.

இருபத்தாறு வயது. நர்ஸ். தாணேயில் ஒரு அறக்கட்டளையில் வேலை. வாரத்தில் நான்கு நாள், முர்பாடுக்கு அப்பால் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு மருந்தும் தடுப்பூசிப் பெட்டியும் கொண்டுபோகிறாள். டிரைவர் நின்றுவிட்டதால் அவளே ஓட்டுகிறாள், கற்றுக்கொடுத்தது சலாவுதீன். போன மழையில் ஓடையைக் கடக்கும்போது வண்டியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். ஊர் ஆட்கள் வந்து தூக்கிவிட நான்கு மணி நேரம் ஆனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி, அலைந்து, அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"உசத்தணும் அங்கிள். பெரிய டயர். பப்பா உங்ககிட்டதான் விடணும்னு சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உம்மாவும் வந்திருக்கு. டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க."

இடது பக்கக் கதவு திறந்தது. ஆபிதா ஃபர்ஸானாவின் கையைப் பிடித்து மெதுவாக இறங்கினார். முழங்கால் வலி அவருக்கு. வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் சலாவுதீன், "சந்தேகம் உனக்குத்தான? நீயே போயி நின்னு பாரு" என்றுவிட்டார். அதற்காகவே ஆபிதா வந்திருந்தார்.

மரியசூசை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆபிதா அதை வண்டிக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் அந்த நாற்காலியில் இருந்தார். கமான் கழன்று இறங்குவதை, புதியது ஏறுவதை, ஒவ்வொரு போல்ட்டுக்கும் மஞ்சள் கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேள்விகள் வந்தன. எல்லாம் மகள் வழியாக.

"ஃபர்ஸானா, அந்த போல்ட்டு புதுசா பழசான்னு கேளு."

மரியசூசை மூன்றடி தள்ளி நிற்கிறார். ஃபர்ஸானா அவர் பக்கம் திரும்பி, "அங்கிள், புதுசா பழசா?" என்று சிரிப்பைச் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டு கேட்பாள்.

"புதுசு. எல்லாமே புதுசுன்னு உம்மாகிட்ட சொல்லும்மா."

"உம்மா, புதுசாம்."

"கேட்டுச்சு."

அவருக்கு அதில் வருத்தமில்லை. கேள்வி வருவதே அவருக்குப் பெரிய விஷயம். இந்த இரண்டு நாளும் தெருவில் டீ சொல்லும்போது ஆபிதாவுக்குச் சர்க்கரை போடாமல் தனியாகச் சொல்லியனுப்பினார். சலாவுதீனை போனில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இரண்டாம் நாள் மதியம் நான்கு டயர்களும் ஏறிவிட்டன. தாயும் மகளும் அடுத்த சந்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு மதிய லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போனார்கள். மரியசூசை சாக்கை விரித்துப் படுத்தார். பின்சக்கரங்கள் இரண்டும் சரியாக இருந்தன. முன்னால் வலது பக்கமும் சரி. தானே எழுந்துபோய் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு வந்து, இடது முன்சக்கரத்துக் குழாயை உருவினார். பாதியில் விரல் நின்றது.

நீளம் போதும். ஆனால் புதிய டயர் பழையதைவிட அகலம். சக்கரம் முழுக்கத் திரும்பும்போது டயரின் உள்விளிம்பு குழாயைத் தொட்டது. தொட்டது என்றால், ஒரு காகிதம் நுழையாத அளவுக்கு. ஆறு மாதம் மலைப்பாதையில் ஒடித்து ஒடித்து ஓட்டினால் ரப்பர் தேயும். தேய்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, உள்பக்கமாகத் திருப்பி மாட்டினால் தீர்ந்தது. கையில் ஸ்பானர் இருந்தது. ஷெட்டில் யாரும் இல்லை. ஸ்பானரைக் கிளிப்பில் வைத்தும்விட்டார்.

பிறகு ஸ்பானரை எடுத்துவிட்டார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சேசம்மாள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. தான் அந்த டயரின் அகலத்தை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. இதைக் காட்டினால், பதினொரு வருடம் கழித்து ஒருமுறை நம்பி வந்தவர், மகளையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடலாம். போனால் போவதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வந்ததும் எழுந்தார். ஃபர்ஸானாவிடம் சொல்லவில்லை; அண்ணன் மனைவியை அழைப்பதுபோல ஆபிதாவையே நேராக அழைத்தார்.

"மைனி, இங்க ஒண்ணு தப்பா இருக்கு. உங்களுக்குக் காட்டிட்டுத்தான் சரி பண்ணணும்னு வச்சிருக்கேன்."

ஆபிதா நாற்காலியில் உட்காரப் போனவர் நின்றார்.  மரியசூசை டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருந்ததால் குனியாமலே தெரிந்தது. ஆபிதா மட்கார்டில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். டயரும் குழாயும் தொடும் இடத்தைத் தன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இப்பத்தான் பாத்தீங்களா?"

கேள்வி நேராக அவரிடம்தான் வந்தது. 

"ஆமா மைனி. நீங்க போனதுக்குப் பொறவு."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிசம்."

"நாங்க போயி ஒரு மணி நேரம் ஆச்சே."

"ஆமா."

ஆபிதா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் திறக்காமல் இருந்த டிபன் டப்பாவைப் பார்த்தார். மறுபடியும் அந்தக் குழாயை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க போனதுக்குப் பொறவு இவ வாப்பாட்ட சண்ட போட்டேன்" என்றார். "சொல்லாம இருந்திருந்தாக்கூட நான் இவ்வளவு கோவப்பட்டிருக்க மாட்டேன். வந்து சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. அல்லா விட்ட வழின்னு இருந்திருப்பேன். நீங்க வந்து, ஒரு ஆளக் காட்டிக் குடுத்துட்டீங்க. உங்களையே."

ஆபிதா மகள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ ராத்திரி பகலுன்னு அந்த மலையில கிடக்கா. இவ ஏறுற வண்டிய யாரு தொட்டாலும் எனக்கு ஒறக்கம் வராது." குழாயைக் காட்டி, "பண்ணுங்க" என்றார்.

அவர் படுத்துக் கிளிப்பைத் திருப்பி மாட்டினார். ஃபர்ஸானா ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடித்தாள். இப்போது டயருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. ஆபிதா தன் விரல்களையே நுழைத்துப் பார்த்துக்கொண்டார்.

வண்டியை இறக்கினார்கள். ஃபர்ஸானா ஓட்ட உட்கார்ந்தாள். மரியசூசை செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்தட்டில் ஏறினார். "நானும் வாரேன்" என்று ஆபிதா முன்னால் வந்தார். மகள் உள்ளேயிருந்து இழுக்க, கதவைப் பிடித்து ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார்.

மித்தி ஆற்றை ஒட்டி, மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடாமல் கிடந்த பாதையில் போனார்கள். ஃபர்ஸானா வேண்டுமென்றே கற்குவியல்மேல் ஏற்றினாள், பள்ளத்தில் இறக்கினாள், இறக்கத்தில் நடுவே நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் வண்டி அமைதியாக நின்றது. பின்தட்டில் மரியசூசை தலையைச் சாய்த்து, உள்ளங்காலால் கேட்டபடி வந்தார். பின்கண்ணாடி வழியே ஆபிதாவின் முக்காடு தெரிந்தது. முதல் பள்ளத்தில் அவர் கை மேலே இருந்த பிடியைப் பற்றியது. மூன்றாவது பள்ளத்துக்குள் அது மடிக்கு இறங்கியிருந்தது. கடைசி இறக்கத்தில் தாயும் மகளும் எதற்கோ சிரிப்பது இரைச்சலுக்கு மேலே கேட்டது. கம்பியைப் பிடித்திருந்தவர், யாரும் பார்க்காத அந்த இடத்தில், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷெட் வாசலில் வண்டி நின்றது. அவர் முதலில் குதித்து இறங்கி, கதவைச் சாத்துவதற்காக இடது பக்கம் வந்து நின்றார். கதவு திறந்தது. தரை ஆபிதாவுக்கு வெகுதூரத்தில் இருந்தது. கமானால் நாலு விரல் உயர்ந்தது போக, டயரும் தன் பங்குக்கு உயர்த்தியிருந்தது.

"உம்மா, இரு. நான் சுத்தி வந்து பிடிக்கேன்" என்று மறுபக்கத்திலிருந்து ஃபர்ஸானா குரல் கொடுத்தாள்.

ஆபிதா காத்திருக்கவில்லை. ஒருமுறை தரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கிரீஸ் படிந்த அந்தச் சட்டைத் தோளில் உள்ளங்கையைப் பதித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு, ஒரு காலை இறக்கினார். மரியசூசை முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவருடைய இரண்டாவது காலும் தரையில் படுகிறவரை அசையாமல் நின்றார்.